கடலை வீட்டு ஹாலுக்குக் கொண்டு வந்தவர்



வீட்டு ஹால்ல ஒரு கடல்நீர் மீன்தொட்டி வைக்கணும்னு உங்களுக்கு எப்பவாவது ஆசை வந்திருக்கா? ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் குட்டிக் கோமாளி மீனைப் பார்த்து ஆசைப்படாதவங்க கம்மி. விசாரிக்கப் போனா முதல்ல செலவைச் சொல்லிப் பயமுறுத்துவாங்க. அதையும் தாண்டி கண்ணாடித் தொட்டி, உப்பு, பம்ப், லைட் எல்லாம் வாங்கி, தண்ணியும் நிரப்பியாச்சுன்னு வச்சுக்கோங்க. சரி, இப்ப மீனை விடலாமான்னு கேட்டா, விஷயம் தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வாங்க. விடாதீங்க, இன்னும் 4 முதல் 6 வாரம் காத்திருங்க.

தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. உப்பு அளவு சரி. வெப்பநிலை சரி. பிறகு எதுக்கு வெறும் தொட்டியை ஒரு மாசம் வெறிச்சுப் பார்த்துட்டு உக்காரணும்?

இந்தக் காத்திருப்புக்கு இன்னைக்கு நாம வச்சிருக்கற பேரு சைக்கிளிங். மிதிக்கற சைக்கிள் இல்லீங்க, நைட்ரஜன் சுழற்சி. அந்தச் சுழற்சியைப் பத்தி யாருக்கும் தெரியாத காலத்துல, 1854ல, லண்டன்ல ஒருத்தர் உப்புகளை எடை போட்டுக் கலந்து கடல்நீர் தயாரிச்சார். அதுல பாசி முளைச்ச கல்லைப் போட்டார். உயிர்களை உடனே விடாம ஒரு வாரத்துக்கும் மேல காத்திருந்தார். அக்வேரியம் என்ற சொல்லை இன்னைக்கு நாம புரிஞ்சுக்கற அர்த்தத்துல உலகத்துக்குப் பழக்கி விட்டவரும் அவர்தான்.

அவர் பேரு பிலிப் ஹென்றி கோஸ். கோஸ்னு எழுதினா முட்டைகோஸ் ஞாபகம் வருது, காஸ்னு எழுதினா சிலிண்டர் ஞாபகம் வருது. என்ன பண்ண, இங்கிலீஷ்காரங்க பேரு அப்படி! நாம கோஸ்னே வச்சுக்குவோம்.

அலுவலகத்துல உக்கார்ந்த பூச்சிப் பைத்தியம்

கோஸ் பிறந்தது 1810 ஏப்ரல் 6ஆம் தேதி, இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில். அப்பா ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன உருவப்படங்கள் வரைந்து கொடுக்கும் ஓவியர். கையில் திறமை இருந்தது, பையில் காசு இல்லை. குடும்பம் பூல் என்ற துறைமுக ஊரில் குடியேறியது. அங்கே இருந்த அத்தைதான் சிறுவன் கோஸுக்குக் கடற்கரை உயிர்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவர். அந்த அத்தையின் மகன் தாமஸ் பெல் பின்னாளில் பெரிய விலங்கியலாளர் ஆனார்.

காலேஜா? அதெல்லாம் கிடையாது. 15 வயதிலேயே வணிக அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. 17 வயதில், 1827ல், அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்தில் இருக்கும் கார்போனியர் என்ற ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கேயும் அதே குமாஸ்தா வேலைதான். மீனும் சீல் எண்ணெயும் வாங்கி விற்கும் வணிக நிறுவனம். நம்ம சீனியர்கள் சில பேர் வேலையில சேர்ந்த உடனே எங்கேயோ முன்பின் தெரியாத ஊர்ல போஸ்டிங் வாங்கிட்டுப் புலம்புவாங்களே, அந்த நிலைமைன்னு நினைச்சுக்கோங்க. ஒரே வித்தியாசம், வீட்டுக்கு வீடியோ கால் பண்ண முடியாது. கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும்.

1832ல் அவர் கைக்கு நுண்ணோக்கி பற்றிய பழைய புத்தகம் ஒன்று வந்தது. அதிலிருந்து பிடித்தது பூச்சிப் பைத்தியம். வேலை முடிந்ததும் பூச்சி பிடிப்பது, அதை வரைவது, குறிப்பு எழுதுவது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பாவிடமிருந்து வந்த ஓவியக் கை மட்டும் துணைக்கு இருந்தது.

அடுத்து விவசாயம் பண்ணப் போகிறேன் என்று 1835ல் கனடாவின் காம்ப்டன் பகுதிக்குப் போனார். 3 வருஷம் போராடினார். பயிர் வரவில்லை, பூச்சிதான் நிறைய கிடைத்தது! 1838ல் அமெரிக்காவின் அலபாமாவுக்குப் போய்த் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அங்கே அடிமை முறையை நேரில் பார்த்து வெறுத்துப் போனவர், சில மாதங்களிலேயே கிளம்பி 1839ல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

அப்போது அவருக்கு 28 வயது. குமாஸ்தா, விவசாயி, வாத்தியார் என்று மூன்று வேலை பார்த்தாயிற்று, எதிலும் நிலைக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள்ளே கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்தது. கனடாவில் பார்த்த இயற்கையைப் பற்றிக் கப்பலிலேயே எழுதியது. 1840ல் அது புத்தகமாக வந்தது. அன்றிலிருந்து எழுத்துதான் அவருடைய பிழைப்பு.

1844ன் இறுதியில் ஜமைக்காவுக்குப் போய் ஒன்றரை வருஷம் பறவைகளையும் மற்ற உயிர்களையும் சேகரித்தார். அங்கே அவருக்குத் துணையாக இருந்தவர் சாமுவேல் கேம்ப்பெல் என்ற கறுப்பின இளைஞர். ரிச்சர்ட் ஹில் என்ற உள்ளூர் நீதிபதியும் தன் பறவைக் குறிப்புகளைக் கொடுத்து உதவினார். இருவருக்கும் பட்ட நன்றியைக் கோஸ் தன் புத்தகங்களில் பெயர் சொல்லியே பதிவு செய்தார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் வேலை செய்தவன் பெயரை மறந்து போகிற ஆட்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

1848ல் எமிலி போவ்ஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். எமிலியும் எழுத்தாளர், இருவருமே ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்கள். 1849 செப்டம்பரில் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில் மகன் பிறந்ததை ஒரு வரியில் எழுதிவிட்டு, பக்கத்திலேயே ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் குருவி வந்து சேர்ந்ததையும் குறித்து வைத்தார். இதை வைத்து அவரைக் கல்நெஞ்சன் என்று பல பேர் கிண்டல் செய்தார்கள். குழந்தை முதலில் வந்தது, குருவி அப்புறம் வந்தது, வந்த வரிசையில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான் என்று பின்னாளில் மகனே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று!

கடலோரம் போன நோயாளி

வருஷத்துக்கு ஒன்றிரண்டு புத்தகம், ராத்திரி பகலாக எழுத்து. உடம்பு விட்டுக் கொடுத்தது, விடாத தலைவலி. கடல் காற்று வேண்டும் என்று 1852ல் குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குப் போனார். முதலில் செயின்ட் மேரிசர்ச், பிறகு இல்ஃபிரகோம்.

ஓய்வெடுக்கப் போன மனுஷன் அலை வற்றும் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு, சுத்தியலும் உளியுமாகப் பாறைகளுக்கு நடுவே இறங்கிவிட்டார். அலை பின்வாங்கும்போது பாறைக் குழிகளில் தேங்கி நிற்கும் நீரை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்தச் சின்னக் குட்டைகள்தான் அவருக்குக் காட்சிச்சாலை. பூப்போல விரியும் கடல் சாமந்திகள், குழாய்க்குள் வாழும் புழுக்கள், கண்ணாடி போன்ற இறால்கள். பிரச்சனை என்னன்னா, எடுத்துக்கிட்டு வந்தா ரெண்டு நாள்ல தண்ணி நாறும், உயிர் போகும்.

இந்தப் பிரச்சனையோடு மல்லுக்கட்டிய முதல் ஆள் கோஸ் இல்லை. அதையும் சொல்லிடறேன். 1830களிலேயே இத்தாலியின் மெசினாவில் ஜான் வில்லப்ரூ-பவர் என்ற பெண் கண்ணாடிப் பெட்டிகளில் கடல்நீர் வைத்து ஆர்கோனாட் என்ற ஓட்டுக் கணவாயை ஆராய்ந்தார். 1846ல் லண்டனில் அன்னா தின் என்ற பெண் பவள உயிர்களை வீட்டில் வளர்த்தார். அவர் வீட்டு வேலைக்காரப் பெண் தினமும் அந்தக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஆற்றி ஆற்றி ஊற்றுவாராம், நம்ம டீ மாஸ்டர் டீ ஆத்தற மாதிரி. காற்று கலக்க வேண்டும் அல்லவா! ஏர் பம்ப் இல்லாத காலத்தின் ஏர் பம்ப் அந்தப் பெண்ணின் கைகள்தான்.

ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850ல் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, தண்ணீர் மாற்றாமலே சமநிலை வரும் என்று காட்டினார். செடி ஆக்சிஜன் கொடுக்கும், மீன் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும், அழுகும் இலைகளை நத்தை தின்றுவிடும். அடுத்து கடல்நீரிலும் அதையே முயன்றார். அதே நேரத்தில் கோஸும் டெவனில் கடற்பாசியையும் கடல் உயிர்களையும் சேர்த்து வைத்து அதையே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

கோஸ் கண்ட ஒரு நுணுக்கம் முக்கியமானது. கடற்பாசிக்கு வேர் கிடையாது. பிடுங்கி வந்தால் பிழைக்காது. அது ஒட்டியிருக்கும் பாறைத் துண்டோடு சேர்த்து உளியால் பெயர்த்து எடுத்து வர வேண்டும். இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. மறுபடி இங்க வருவோம்.

லண்டன் விலங்கியல் சங்கம் அவருடைய உதவியோடு உயிர்களைச் சேகரித்து, 1853 மே மாதத்தில் ரீஜன்ட்ஸ் பார்க்கில் மீன் வீடு ஒன்றைத் திறந்தது. உலகத்தின் முதல் பொது அக்வேரியம் அதுதான். கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஜனங்கள் பக்கவாட்டிலிருந்து, கண்ணாடி வழியாக, முதல் தடவையாகப் பார்த்தார்கள். 1854ல் அக்வேரியம் என்ற தலைப்பிலேயே கோஸின் புத்தகம் வந்தது, அவர் கையால் வரைந்த வண்ணப் படங்களோடு. அதுவரை ஆளாளுக்கு விவாரியம், அக்வா-விவாரியம் என்று வாயில் நுழையாத பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுருக்கமாக, யாரும் சொல்லும்படி இருக்க வேண்டும் என்று அவர் முன்வைத்த சொல்தான் நிலைத்தது.

நாலு உப்பு, ஒரு கல், ஒரு வாரம்

லண்டனில் கடல் இல்லை. கடற்கரையிலிருந்து பீப்பாயில் கடல்நீர் வரவழைக்கக் காசு ஆகும், வழியிலேயே கெட்டும் போகும். அப்போ என்ன செய்யலாம்? ஒரு இன்ஜினியர் மூளை என்ன யோசிக்குமோ அதையே கோஸ் யோசித்தார். கடல்நீரில் என்னென்ன இருக்கிறது என்று வேதியியல் பகுப்பாய்வு ஏற்கனவே இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் கடல்நீர் வந்துவிடாதா?

அவர் எடுத்தது நாலே நாலு உப்பு. 100 பங்கில் சாதா உப்பு 81, எப்சம் உப்பு 7, மெக்னீசியம் குளோரைடு 10, பொட்டாசியம் குளோரைடு 2. இன்றைய அளவில் சொன்னால் சாதா உப்பு சுமார் 100 கிராம், மற்றவை முறையே 7, 13, 2.6 கிராம். தண்ணீர் நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மிகக் குறைந்த அளவில் இருக்கும் மற்றவற்றை விட்டுவிட்டார். சுண்ணாம்பையும் சேர்க்கவில்லை. லண்டன் தண்ணீர் ஏற்கனவே சுண்ணாம்புத் தண்ணீர்தானே! (நீங்க பவளம் வளர்க்கற ஐடியால இருந்தா இதை அப்படியே காப்பி அடிக்காதீங்க. பவளத்துக்குக் கால்சியம் நிறைய வேணும். இன்றைய உப்புக் கலவைகளில் அது சேர்ந்தே வரும்.)

கரைத்தார், பஞ்சால் வடிகட்டினார், கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றினார். அடியில் கூழாங்கற்கள் பரப்பி, உல்வா என்ற பச்சைக் கடற்பாசி முளைத்திருந்த கல் துண்டுகளை வைத்தார். பக்கத்திலேயே உயிர்கள் காத்திருக்கின்றன. ஆனாலும் உடனே விடவில்லை. பாசி முதலில் அந்தத் தண்ணீரில் வித்துகளைப் பரப்பட்டும், தண்ணீர் பழகட்டும் என்று ஒரு வாரத்துக்கும் மேல் சும்மா வைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் கடல் சாமந்திகளும் மற்றவையும் உள்ளே போயின. பிழைத்தன. கடலையே பார்க்காத தண்ணீரில் கடல் உயிர்கள் வாழ்ந்தன. அந்த 1854லேயே செய்முறையை ஆய்விதழில் அச்சிட்டு எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்.

அவர் காத்திருந்தது பாசிக்காகவும் ஆக்சிஜனுக்காகவும். ஆனால் அந்த ஒரு வாரத்தில் உள்ளே இன்னொரு வேலையும் நடக்கத் தொடங்கியிருக்கும். அது என்னன்னு நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

மீனோ சாமந்தியோ, எந்த உயிரும் கழிவாக அம்மோனியாவை வெளியேற்றும். மிச்சம் விழுந்த தீனி அழுகினாலும் அம்மோனியாதான். கடல்நீரின் பிஎச் 8க்கு மேல் இருப்பதால், நல்ல தண்ணீரில் இருப்பதை விட அம்மோனியாவின் விஷம் அங்கே அதிகம். ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. பாசி அதைத் தின்னும், மீதி தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதக்காது, கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழும். ரொம்ப மெதுவாகப் பெருகும். ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிஷத்தில் இரட்டிப்பாகும் என்றால், இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். புதுத் தொட்டியில் காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்ப அந்தக் கல் துண்டுக்கு வாங்க. பாசியோடு சேர்த்துப் பாறையையும் பெயர்த்து எடுங்கள் என்றாரே, அந்தக் கல்லில் பாசி மட்டுமா இருந்தது? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் சேர்ந்தே வந்தன. இன்னைக்கு கடையில லைவ் ராக்னு விலை போட்டு விக்கறாங்களே, அதேதான். அந்தக் கல்லும், அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சும் பாசியும், குறைவான உயிர்களும் சேர்ந்ததால்தான் ஒரு வாரமே போதுமானதாக இருந்தது. காரணம் தெரியாமலே காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டார்.

தொட்டி வாங்கிய கூட்டம்

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கையும் வேதனையும்.

கண்ணாடி மேல் இருந்த வரியை இங்கிலாந்து அரசு 1845லேயே நீக்கியிருந்தது. ரயில் பாதைகள் கடற்கரை வரை வந்துவிட்டன. நடுவில் கோஸின் அழகான வண்ணப் புத்தகம். கேக்கணுமா? வசதியுள்ள வீட்டு வரவேற்பறை எல்லாம் தொட்டி. லண்டனில் ஆல்ஃபர்ட் லாய்ட் என்பவர் கடல் உயிர்களும் தொட்டியும் விற்பதற்கென்றே கடை போட்டார். கோஸ் இல்ஃபிரகோமில் கடற்கரை வகுப்புகள் நடத்தினார். கனவான்களும் சீமாட்டிகளும் பாவாடை நனைய, பூட்ஸ் நனையப் பாறைகளுக்கு நடுவே அவர் பின்னால் நடந்தார்கள். 1856ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பட்டம் இல்லாத பழைய குமாஸ்தாவுக்குக் கிடைத்த உச்ச மரியாதை அது.

அந்த உயரத்திலிருந்துதான் விழுந்தார். எமிலிக்கு மார்பகப் புற்றுநோய். வலி மிகுந்த சிகிச்சைகள் எதுவும் பலிக்கவில்லை. 1857 பிப்ரவரியில் எமிலி இறந்தார். 7 வயது மகனோடு தனியாக நின்றார் கோஸ்.

அதே வருஷம் ஓம்ஃபலோஸ் என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்புக்குக் கிரேக்க மொழியில் தொப்புள் என்று பொருள். பூமி மிகப் பழையது என்று பாறைகள் சொல்கின்றன, படைப்பு சில நாட்களில் முடிந்தது என்று வேதம் சொல்கிறது. இரண்டையும் விட மனசில்லாத கோஸ் ஒரு சமரசம் சொன்னார். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும். அதுபோல, நடக்காத ஒரு பழங்காலத்தின் தடயங்களோடேயே கடவுள் பூமியைப் படைத்தார் என்றார். அறிவியலாளர்கள் சிரித்தார்கள். மத நம்பிக்கையாளர்களோ, அப்போ கடவுள் நம்மை ஏமாற்றினார் என்கிறீரா என்று முகம் சுளித்தார்கள். புத்தகம் விற்காமல் பழைய பேப்பர் விலைக்குப் போனது. 2 வருஷம் கழித்து டார்வினின் உயிரினங்களின் தோற்றம் வந்தது. கடல் சாமந்தியின் ஒவ்வொரு இழையையும் எண்ணிப் பார்த்து எழுதிய அதே கண், தான் பார்க்க விரும்பாத ஒன்றைப் பார்க்கவே இல்லை. அவரைப் பிடித்திருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மகனைக் கூட்டிக்கொண்டு டெவனின் செயின்ட் மேரிசர்ச்சுக்கே குடிபோய்விட்டார். மறுபடி பாறைக் குட்டைகளில் இறங்கினார். 1858லிருந்து 1860க்குள் பிரிட்டனின் கடல் சாமந்திகள் பற்றிய பெரிய நூலை, படங்களையும் தானே வரைந்து, முடித்தார்.

ஆனால் கரை மாறத் தொடங்கியிருந்தது. கோஸின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் பாறையைப் பெயர்த்தார்கள், கூடை கூடையாக அள்ளினார்கள். அவர் சொன்ன சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டார்கள். அவர் காட்டிய பொறுமையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டியில் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டினால் என்ன ஆகும்? தண்ணீர் பால் போலக் கலங்கும், நாறும், எல்லாம் சாகும். போனால் போகிறது, இன்னொரு கூடை அள்ளி வந்தால் ஆயிற்று. 1860கள் முடிவதற்குள் மோகமும் அடங்கிவிட்டது. தொட்டிகள் பரணுக்குப் போயின. குட்டைகளில் இருந்த உயிர்கள் மட்டும் திரும்பவில்லை.

எட்மண்ட் கோஸ் 1907ல் எழுதிய தந்தையும் மகனும் என்ற நூல் இன்றும் படிக்கப்படுகிறது. அப்பாவின் கண்டிப்பையும் மத இறுக்கத்தையும் அதில் மகன் விட்டு வைக்கவில்லை. ஆனால் சிறுவயதில் அப்பாவோடு பார்த்த அந்தப் பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டதை எழுதும்போது அவர் குரல் தழுதழுக்கிறது. தான் ஆசையாக எழுதிய புத்தகங்களே இதற்கு வழி திறந்துவிட்டன என்பது அப்பாவுக்குச் சில வருஷங்களிலேயே புரிந்துவிட்டதாகவும், அது அவரை ரொம்பவே வாட்டியதாகவும் மகன் பதிவு செய்திருக்கிறார்.

1860ல் எலைசா பிரைட்வென் என்பவரை மணந்தார். வயதான காலத்தில் ஆர்க்கிட் செடிகள், சக்கர உயிரிகள், ராத்திரியில் வானத்து நட்சத்திரங்கள் என்று எதையாவது பார்த்துக்கொண்டே இருந்தார். 1888 ஆகஸ்ட் 23ஆம் தேதி, 78 வயதில் காலமானார்.

2 வருஷம் லேட்டாக வந்த விடை

1877ல் பிரான்ஸில் ஷ்லோசிங், மன்ட்ஸ் என்ற இருவர், அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிர்கள் செய்யும் வேலை என்று காட்டினார்கள். அந்த வேலை இரண்டு படிகளில், இரண்டு வேறு உயிர்களால் நடக்கிறது என்பதை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் தேடிக் கண்டவர் ராபர்ட் வாரிங்டன். எங்கேயோ கேட்ட பேரா இருக்கா? தங்கமீன் தொட்டி வைத்த அந்த வாரிங்டனின் மகன்தான், பெயரும் அதேதான்! அப்பா தொட்டியில் விட்டுப்போன கேள்விக்கு மகன் வயல் மண்ணில் பதில் தேடியிருக்கிறார். கடைசியில் 1890ல் ரஷ்யரான செர்கேய் வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். கோஸ் இறந்து 2 வருஷம் ஆகியிருந்தது.

இப்ப உங்க தொட்டிக்கு வருவோம். நீங்க ஆரம்பிக்கறதா இருந்தா இப்படிப் பண்ணுங்க. ஆர்ஓ தண்ணீர்ல உப்புக் கலவையைக் கரைங்க. லிட்டருக்கு 35 கிராம் கணக்கு, அடர்த்தி எண் 1.025 பக்கம் வரணும். வெப்பம் 25, 26 டிகிரி. நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டரை விட விசிறியோ சில்லரோதான் முக்கியம். காய்ந்த கல், மணல் போடுங்க. பாட்டில்ல வர்ற பாக்டீரியாவைச் சேர்த்து, அம்மோனியம் குளோரைடால அம்மோனியாவை 2 பிபிஎம் அளவுக்குக் கொண்டு வாங்க. மீனை விட்டு அம்மோனியா உண்டாக்காதீங்க, அது பாவம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை டெஸ்ட் கிட்ல பாருங்க. முதல்ல அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும். நீங்க போடற அம்மோனியா 24 மணி நேரத்துல ரெண்டுமே பூஜ்யம்னு காட்டற அளவுக்கு மறைஞ்சா தொட்டி தயார். பாதித் தண்ணியை மாத்துங்க. அப்புறம் ஒரே ஒரு மீன். அதுக்கப்புறம் மறுபடி கொஞ்சம் பொறுமை.

மன்னார் வளைகுடாவுக்கோ வேற கடற்கரைக்கோ டூர் போனீங்கன்னா பவளக் கல்லைப் பெயர்த்து எடுத்துட்டு வரணும்னு மட்டும் நினைக்காதீங்க. நம்ம வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளங்கள் புலி, யானை மாதிரியே பாதுகாக்கப்பட்டவை. காய்ந்த கல்லும் பாட்டில் பாக்டீரியாவும் இருக்கற காலத்துல அதுக்கு அவசியமும் இல்லை. கோஸுக்கு அந்த வசதி இல்லை, நமக்கு இருக்கு.

முதல் வாரத்துல தொட்டியில ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் இருக்கும். ரூம்மேட் வந்து, என்னடா வெறும் தண்ணியை வளர்க்கறியான்னு கேப்பான். சிரிச்சுக்கோங்க. 170 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பழைய குமாஸ்தா இதே மாதிரி வெறும் தண்ணியைப் பார்த்துட்டு உக்கார்ந்திருந்தார். அவர் கூட அன்னைக்கு ஊரே காத்திருந்திருந்தா, டெவன் கரையில அந்தக் குட்டைகள் இன்னைக்கும் நிறைஞ்சிருக்கும்.